உம் கொட்ட ஓர் ஆள்

என் தோழிக்கு ஒரு கெட்ட பழக்கம். படித்த கதையின் முடிவை அடுத்தவரிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நானும் அவளும் திருப்பத்தூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை போட்டாள். நான் நர்ஸ் பயிற்சி முடித்து, எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போனேன். மொத்தம் இரண்டு அறை. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் நான்.

மலையில் எனக்குக் குறை என்று எதுவும் இல்லை. தண்ணீர் நன்றாக இருக்கும், தூக்கம் நன்றாக வரும், பலாப்பழக் காலத்தில் வாசலில் யாராவது ஒரு பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். படிக்கத்தான் ஒன்றும் கிடைக்காது. மாத்திரை டப்பாவில் ஒட்டியிருப்பதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அந்தக் குறையைத் தோழி தீர்த்துவைத்தாள். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்ப்பாள். கதை முடிந்ததும் அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, மிச்சமான ஜாக்கெட் துணியில் அட்டை போடுவாள். அப்படி ஒரு புத்தகம் தயாரானதும் செய்தித்தாளில் சுற்றி ஜீப்காரரிடம் கொடுத்தனுப்புவாள். புளி மூட்டை இறக்கப் போன ஜீப் திரும்பும்போது எனக்குக் கதை வந்து சேரும்.

புத்தகத்தின் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். "இப்போது நான் படிப்பது இது. பத்தாம் வாரம் வரை சுமார்தான், பொறுத்துக்கொள். அப்புறம் பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் எழுந்திருக்க மாட்டாய்." இந்த மாதிரி எழுதியிருப்பாள். நானும் பதில் சீட்டு எழுதுவேன். "நீ அழுத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் ஒரு மண்ணாங்கட்டி, அவனுக்காக எவளாவது அழுவாளா?" இப்படியே நாங்கள் ஜீப்பில் சண்டை போட்டுக்கொண்டோம். எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும். அவளுக்கோ உறைக்கவே உறைக்காது. அந்தச் சண்டையில்தான் என் வாரம் ஓடியது.

அந்த வருஷம் கார்த்திகை வாக்கில் ஒரு புத்தகம் வந்தது. பச்சைப் பூப்போட்ட அட்டை. கல்யாணமாகி ஆறு மாதத்தில் புருஷன் வேலை தேடிப் பம்பாய்க்குப் போய்விடுகிறான். கடிதமே இல்லை. கர்ப்பமாக இருக்கிற பெண்ணை மாமியார் வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறாள். அவள் ஒரு ஒற்றை அறையில் குடியேறி, அப்பளம் இட்டுப் பிழைக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் எழுதிய விதத்தில் நான் விழுந்துவிட்டேன். சோறு வடிக்கும்போதும் அவள் நினைப்புத்தான்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. கீழேயிருந்து யார் ஏறி வந்தாலும், குடிக்கத் தண்ணீர் கொடுத்த கையோடு, "கீழ இன்னா சேதி?" என்று கேட்பார்கள். வந்தவர் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்த ஏரி நிரம்பியது, எந்த ஊரில் திருவிழா, யார் வீட்டில் கல்யாணம் என்று ஏதாவது. "ஒண்ணுமில்ல" என்றால், இருக்கிறது, நமக்குச் சொல்ல மனசில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நானோ கீழே போனால் தையல் கடையில் உட்கார்ந்து வாயாடிவிட்டு மறுநாள் ஏறி வந்துவிடுவேன். எந்த ஏரி நிரம்பினால் எனக்கென்ன.

அன்றும் அப்படித்தான், முந்தின நாள் கீழே போய்த் திரும்பியிருந்தேன். செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பார்க்கிற நாள். நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள். "கீழ இன்னா சேதி, நர்சம்மா?" என்று கேட்டார்கள். என் வாயில் அந்தப் பெண்தான் வந்தாள்.

"பாவம், ஒரு பொண்ணு. புருஷன் பம்பாய்க்குப் போய்ட்டான், ஒரு கடுதாசி இல்ல. இவ முழுகாம இருக்கா. மாமியாக்காரி வூட்ட வுட்டுத் தொரத்திட்டா."

சலசலப்பு அடங்கிவிட்டது. "எத்தினி மாசம்?" என்று ஒருத்தி கேட்டாள். "அஞ்சு" என்றேன். "ஆத்தா வூடு இல்லியா அவளுக்கு?" என்று இன்னொருத்தி கேட்டாள். "ஆத்தா இல்ல, அப்பன் ரெண்டாந்தாரம் கட்டிட்டான்." நான் படித்தவரைக்கும் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பத்துப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வராண்டா நிறைந்துவிட்டது. ஊசி என்றால் காட்டுக்குள் ஓடுகிறவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பேசிக் கேட்க இத்தனை பேரா என்று ஒரே பெருமை.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ ஒருத்தி கேட்டாள். "இந்தத் தடவ போறப்ப அவளப் பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. இவர்கள் இதைக் கதை என்று நினைக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் கலைந்துவிடுமே என்ற ஆசை என் வாயைக் கட்டிவிட்டது. "பாக்கல, சேதி வந்துச்சு" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத எனக்கு, பேச வேண்டிய இடத்தில் மட்டும் பேச்சு வரவில்லை.

கூட்டத்தில் தவறாமல் வந்தவர்கள் ஒரு மாமியாரும் மருமகளும். மாமியார் நெட்டையாக, ஒல்லியாக, வராண்டாத் தூணில் சாய்ந்து நின்றபடியே கேட்பாள். உட்காரவே மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். மருமகளுக்கு இருபது வயது இருக்கலாம். முதல் பிள்ளை இரண்டு நாள் வலிக்குப் பிறகு செத்துப் பிறந்திருந்தது. இப்போது ஏழு மாதம். தொட்டுப் பார்த்தால் குழந்தை குறுக்கே கிடந்தது. தானாகத் திரும்ப இன்னும் நாள் இருந்தது. திரும்பாவிட்டால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால்தான் இரண்டு உயிரும் தங்கும். வாராவாரம் வந்து காட்டு என்று சொல்லிவைத்திருந்தேன். கதைக்காகவாவது வருகிறாளே என்று எனக்கு நிம்மதி.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் கை நிறைய எதையோ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். ஒரு சின்ன மூட்டை சாமை அரிசி. கொட்டை எடுத்த புளி ஓர் உருண்டை. தேன் ஒரு பாட்டில். மாமியார் காலைக் கட்டிய கோழி ஒன்றை வைத்தாள். கறுப்புக் கோழி, நல்ல கனம். மருமகளின் பிரசவத்துக்குப் பிறகு சாறு வைத்துக் கொடுப்பதற்காகவே வளர்த்தது. அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

"அந்தப் பொண்ணுக்கு மாசம் ஆயிடுச்சே. யாருமில்லாதவ. ஜீப்புல குடுத்து அனுப்பு" என்றாள் மாமியார். "எங்க வூட்டுல இன்னொண்ணு வளத்துக்கறோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உள்ளே போய்ப் பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துவந்தேன். "அப்படி ஒரு பொண்ணு இல்ல. இது புஸ்தகத்துல வர்ற கதை. யாரோ எழுதினது. நான் படிச்சதத்தான் சொன்னேன்" என்றேன்.

ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாமையை ஒருத்தி எடுத்துக்கொண்டாள், புளியை ஒருத்தி எடுத்துக்கொண்டாள். மாமியார் கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மருமகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். "நீ சொல்றதுல எது நெசம், எது புஸ்தகம்னு இனிமே நாங்க எப்டிக் கண்டுபுடிக்கறது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வராண்டாவில் நானும் எடை மெஷினும்தான் இருந்தோம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அந்தக் கோபத்தில் தோழிக்குச் சீட்டு எழுதினேன். "உன் புத்தகத்தால் என் மானம் போயிற்று." அவள் பதில் எழுதினாள். "பாவம் நீ. ஒன்று சொல்லட்டுமா? கடைசி வாரத்தில் அவள் பிரசவத்தில் செத்துப்போகிறாள். திட்டாதே." அந்தச் சீட்டை அடுப்பில் போட்டேன். நான் படிக்க இன்னும் கடைசி இரண்டு வாரத்துக் கதை பாக்கி இருந்தது. அதற்குமேல் படிக்கவே மனம் வரவில்லை.

என் கவலையெல்லாம் மருமகளைப் பற்றித்தான். அவள் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். "நாங்களே பாத்துக்கறோம்" என்று மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். முதல் பிள்ளையையும் நீங்களேதானே பார்த்துக்கொண்டீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். மூன்றாம் தடவை போனபோது வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் முறத்துக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பு என்னுதுதான். ஆனா நான் வேணும்னு ஏமாத்தல. கதை சொல்றது ஒரு தப்பா?"

"கதை எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் முறத்திலிருந்து கண் எடுக்காமல். "நாங்களும் சொல்வோம், விடியவிடியச் சொல்வோம். கதைன்னா கதைன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்போம். உம் கொட்ட ஒரு ஆள வெப்போம். உம் கொட்டலன்னா கதை நின்னு போகும். நீ கதைன்னு சொன்னியா? உம் கொட்ட யாரயாச்சும் வெச்சியா? கீழ இன்னா சேதின்னு கேட்டதுக்கு இல்ல சொன்ன."

அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் சொன்னபோதெல்லாம் ஒருத்தியும் உம் கொட்டவில்லை. ரொம்ப ஊன்றிக் கேட்கிறார்கள் என்றல்லவா நான் பூரித்துப்போயிருந்தேன். "மன்னிச்சுக்க" என்றேன். அதுவரை என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. அவள் புடைத்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. "அப்புறம் அந்தப் பொண்ணு இன்னா ஆனா?"

"நீ சும்மா இரு" என்றாள் மாமியார். ஆனாலும் என்னை உள்ளே விட்டாள். தொட்டுப் பார்த்தேன். குழந்தை இன்னும் குறுக்கேதான் கிடந்தது. வலி கண்டதும் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்காமல் ஆள் அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். இது நிஜம், புத்தகமில்லை என்றும் சொன்னேன். மாமியார் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணி இருக்கும். மருமகளின் புருஷன் மூச்சிரைக்க ஓடிவந்தான். பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலி நன்றாகப் பிடித்திருந்தது. குழந்தை திரும்பவில்லை. புளி ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்த ஜீப்பை மடக்கினோம். ஜீப்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டைகளை எல்லாம் தரையில் தள்ளினார். ஒரு மூட்டையை மட்டும் முட்டுக்கொடுக்க வைத்து, அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். மாமியார் மடியில் அவள் தலை. காலடியில் நான். புருஷன் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டான்.

"மெதுவாப் போகவா, வேகமாப் போகவாங்க நர்சம்மா?" என்று ஜீப்காரர் கேட்டார்.

"வேகமாப் போங்க. குலுங்காமப் போங்க" என்றேன். அந்த மண் ரோட்டில் இரண்டும் ஒன்றாக நடக்காது என்று எனக்குத் தெரியாதா?

ஒவ்வொரு வலிக்கும் அவளுக்கு முக்கத் தோன்றியது. முக்கினால் கர்ப்பப்பை கிழிந்துவிடும். முக்காதே, வாயால் ஊது, ஊது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. இரண்டாவது வளைவு தாண்டியதும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நர்சம்மா, அந்தப் பொண்ணு இன்னா ஆனா?"

மாமியாரைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றேன். ஆனா இது கதை. நீ உம் கொட்டணும்" என்றேன்.

"ம்."

விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். அவளுக்கு வலி எடுக்கிறது. "ம்." அப்பளக்கட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கதவைத் திறக்கிறாள். "ம்." பக்கத்து அறைக்காரி வண்டி பிடித்து வருகிறாள். "ம்." உம் கொட்டினால் முக்க முடியாது, இரண்டும் ஒரே மூச்சில் நடக்காது. சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. வலி வரும்போதெல்லாம் வாக்கியத்தைச் சின்னதாக்கினேன். அவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். அந்த "ம்" வருகிறவரைக்கும் அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

படித்தும் இவர்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்த கதை எவ்வளவு தூரம் வரும்? நான் படித்தது தீர்ந்துவிட்டது. மலை இன்னும் தீரவில்லை. அதற்கு மேல் தோழியின் சீட்டில் இருந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும், கடைசி வாரத்தில் அவள் செத்துப்போகிறாள் என்று. நான் அதைச் சொல்வேனா? வாய் போனபோக்கில் இட்டுக்கட்டினேன். டாக்டரம்மாவைக் கொண்டுவந்தேன். பம்பாயிலிருந்து கடுதாசியைக் கொண்டுவந்தேன். கதையில் இல்லாத ஒரு கறுப்புக் கோழியைக்கூடக் கொண்டுவந்தேன்.

கடைசி வளைவுக்கு முந்தின வளைவில் ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "ம்" வரவில்லை. முகம் வெளுத்துக்கிடந்தது. நாடியைப் பிடித்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நூல் மாதிரி. எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ம்" என்றது ஒரு குரல்.

மாமியார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. மருமகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "ம், அப்புறம்?" என்றாள்.

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாமியார் "ம்" என்றாள். ஊர் எல்லை தெரிகிற நேரத்தில், அவள் "ம்" சொன்னதோடு இன்னொரு "ம்" கேட்டது. மெலிசாக, மடியிலிருந்து.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல், வராண்டா முழுக்கக் கேட்டது. இரண்டு பேரும் நலம் என்று டாக்டரம்மா சொன்னதும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தொடர்கதைக்கு அழமாட்டேன் என்று சீட்டு எழுதினவள் நான்.

அந்த அழுக்குப் புடவையோடு நேராகத் தையல் கடைக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். எப்போதும் என்னைப் பேசவிடாத தோழி அன்று வாயே திறக்கவில்லை. கடைசியில், "அந்தப் புஸ்தகத்தக் குடுத்தனுப்புடி. கடைசி வாரத்தப் பிரிச்சிடறேன். உன் முடிவ எழுதிக் குடு, அதையே தெச்சிடலாம்" என்றாள். அப்படித்தான் செய்தோம். அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தில் கடைசி நாலு பக்கம் இன்றும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. எழுத்து சுமார்தான்.

மூன்றாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டு ஜன்னலுக்கு வெளியே மர நிழலில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கறுப்புக் கோழியை மகன் மலையிலிருந்து கொண்டுவந்திருந்தான். மருமகளுக்குச் சாறு போக, மிச்சத்தில் எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள். காரம் தலைக்கேறியது. நான் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகக் கேட்டாள்.

"புஸ்தகத்துல அந்தப் பொண்ணு செத்துப் போய்ட்டா, இல்ல?"

எனக்குப் புரையேறியது. "யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? முன்னல்லாம் நீ சொல்றப்ப, படிச்சத நெனச்சிக்கினு மேல பாத்துச் சொல்லுவ. ஜீப்புல எங்க மூஞ்சப் பாத்துப் பாத்துச் சொன்ன. புஸ்தகத்துல இருக்கறதுக்கு எங்க மூஞ்ச எதுக்குப் பாக்கணும்?"

"அப்ப பொய்னு தெரிஞ்சேதான் உம் கொட்டினியா?"

"பொய் இன்னா? கதைன்னு சொல்லிட்டுத்தான ஆரம்பிச்ச." கிண்ணத்தை வாங்கி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "நீ நிறுத்தியிருந்தா அவளும் நிறுத்தியிருப்பா."

நான் கிண்ணத்தைக் காலி செய்தேன். அவளே, "இப்ப இன்னா படிக்கற?" என்று கேட்டாள். அன்று காலைதான் தோழி புதிதாக ஒன்று கொடுத்திருந்தாள். என் பைக்குள் இருந்தது.

"ரெண்டு அத்தியாயம்தான் படிச்சிருக்கேன். கதைதான் இது, முன்னாடியே சொல்லிட்டேன்" என்றேன்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, படுத்தபடியே, மருமகள் "ம்" என்றாள்.